பதினெட்டாயிரத்து நானூறு

திரையின் நடுவில் ஒரு பெட்டி திறந்து நிற்கிறது.
அன்றைக்கு, பதினைந்து நாள் இலவசம் என்றது.
இப்போது, இன்னும் ஒரு மணி நேரம்.
கீழே நீலப் பொத்தான்: வாங்கு.
பக்கத்தில் சாம்பல் நிறத்தில், கூச்சத்தோடு:
பிறகு.

சாக்கிநாக்காவில் லேத் பட்டறைக்கு மேலே
எட்டுக்குப் பத்து அறை.
இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி,
நானும் ஜெபக்கனியும்.
கீழே இரும்பைக் கடைகிறார்கள்.
மேலே நாங்கள்
அடுத்தவர் கல்யாணத்தைச் சீவி மினுக்குகிறோம்,
சீசனுக்கு நாற்பது.

"பழசுக்கு என்ன கேடு?" என்கிறாள் ஜெபக்கனி.
கேடு ஒன்றுமில்லை.
ட்ரோன் காட்சி வந்தால் படுத்துக்கொள்ளும்.
தொண்ணூறு சதவீதத்தில் நின்று
மூச்சு வாங்கும்.
ஒரு ரெண்டருக்கு நாலு மணி பத்து நிமிடம்.
புதிது ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டு
அடுத்து என்ன என்கிறது.

மிச்சமாகும் நேரத்தை நான்
ரூபாயால் அளப்பதில்லை, ரயிலால் அளக்கிறேன்.
பழையதென்றால்
காட்கோபரில் பேப்பர் கட்டுகளோடு
முதல் வண்டிக்கு நிற்க வேண்டும்.
புதியதென்றால்
கடைசி டோம்பிவிலி லோக்கல், பெண்கள் பெட்டி,
ஜன்னலோரம்,
வீட்டில் என் பக்கத்துத் தலையணை.

இதற்கே கொடுக்கலாம் பதினெட்டாயிரம்.
அந்த நானூறு எதற்கென்றுதான் தெரியவில்லை.

முதல் வாரம் குர்லாவில் நஃபீசாவின் நிக்காஹ்.
ஆறு மணி நேரத் துண்டுகளை உள்ளே கொட்டினேன்.
புதிதாய் ஒரு பொத்தான் இருந்தது: மௌனம் நீக்கு.
தொட்டேன்.
டைம்லைன் ஒருமுறை சிலிர்த்துச் சுருங்கியது.
நான் இரண்டு நாள் குனிந்து களையெடுப்பதை
டீ ஆறுவதற்குள் எடுத்துவிட்டது.
ஜெபக்கனி கைதட்டினாள்.
மாப்பிள்ளை வீட்டார்
கேட்காமலே பாக்கியை அனுப்பினார்கள்.
இந்தத் தொழிலில் அப்படி நடந்து
நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் நஃபீசா கூப்பிட்டாள்.
"தீதி, காஜி என்னிடம் கேட்கிற இடத்தில்
என்னவோ குறைகிறது."
இல்லையே, மூன்று தடவை கேட்கிறார்,
மூன்று தடவை கபூல் சொல்கிறாயே.
"முதல் தடவை நான் உடனே சொல்லவில்லை தீதி."

ஹார்ட் டிஸ்க்கைத் தோண்டினேன்.
ஒன்பது வினாடி.
சிவப்பு முக்காட்டுக்குள் ஒரு மணிக்கட்டு
சத்தமில்லாமல் திரும்புகிறது.
காஜியின் பேனா தாளுக்கு ஒரு விரல் மேலே நிற்கிறது.
அவள் மூச்சை இழுக்கிறாள், விடவில்லை.
மென்பொருளுக்கு அது காலி இடம்.
அவளுக்கு என்னவென்று நான் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லியிருப்பாள்,
அதனால்தான்.

அவளுக்கென்று தனியாக ஒரு பிரதி,
அந்த ஒன்பதோடு.
அதற்குக் காசு வாங்கவில்லை
என்று ஜெபக்கனிக்கு இன்னும் கோபம்.

பேசாமல் பழையதற்கே போய்விடலாம் என்று
நேற்று முயன்றேன்.
புதிதில் செய்த கோப்பைப் பழசு திறக்க மாட்டேனென்றது.
ஐந்து கல்யாணம் அந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது,
மூன்றுக்கு முன்பணம் செலவாகிவிட்டது.
உள்ளே வர இலவசம்,
வெளியே போகத்தான் டிக்கெட்.
கொத்துமல்லிக்கு இரண்டு ரூபாய் குறைக்க
மராட்டி, இந்தி, தமிழ் மூன்றிலும் பேசும் வாய் இது.
இங்கே யாரிடம் பேச?

"அடுத்த வருஷமும் இப்படி ஒன்று வரும்,
அதற்கும் கேட்பான்."
கேட்பான்.
"கொடுப்பியா?"
திட்டிக்கொண்டே கொடுப்பேன்.
அந்தப் பொத்தானை மட்டும் தொடமாட்டேன் என்றேன்.
அவசரம் வந்தால் தொடுவேன் என்று
இருவருக்கும் தெரியும்.

ஓடிபி வந்து மேசை அதிர்கிறது.
ஆறு இலக்கம், பத்து நிமிடம் ஆயுள்.
நிச்சயமாகவா? என்கிறது பெட்டி.
ஒரே ஒரு தடவைதான் கேட்கிறது.

கீழே லேத் நின்றுவிட்டது.
ஜெபக்கனி பையை மாட்டிக்கொண்டு
வாசலில் செருப்பைத் தேடுகிறாள்.
கடைசி மெட்ரோவுக்குப் பதினொரு நிமிடம்.